ரெண்டாம் விளி

உச்சி வெயில் நேரத்தில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, "ஒறங்கு மக்கா" என்று ரெஜிலா ஆட்டிவிட்டாள். சொன்ன வாய் மூடவில்லை. தலைக்கு மேலே, ஓட்டுக்கு அடியில் பலகை அடித்திருந்த மச்சில், சின்னச் சின்னக் கால்கள் ஓடி வந்து தொட்டிலுக்கு நேர் மேலே நின்றன.

ஓடி வந்ததில் ஒன்றுமில்லை. பழைய வீட்டு மச்சில் எலி ஓடாமல் ஆனையா ஓடும்? நின்றதுதான் ஒரு மாதிரி இருந்தது. எலி என்றால் ஓடிக்கொண்டே போகும், மூலையில் எதையாவது உருட்டும். இது வந்து நின்றது. யாரோ விளித்து, இதோ வந்துவிட்டேன் என்று நின்றது மாதிரி.

தொட்டில் சேலையைப் பிடித்தபடி அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வருகிற ஆடிக் காற்று, ஊரைச் சுற்றி நிற்கிற மின்சாரக் காத்தாடிகளையெல்லாம் சுழற்றி, அந்தப் பெரிய இறக்கைகள் ஒவ்வொன்றும் பெருமூச்சு விட்டு இறங்குகிற ஹூம் ஹூம் என்ற இரைச்சலை ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து, கதவுகளைக் குலுக்கி, காலண்டர் தாளைப் படபடக்கவைத்து, முன்னறையில் இருந்த கூண்டுகளின் நாற்றத்தை, மரச்சீவலும் மூத்திரமும் நெத்திலிக் கருவாடும் கலந்த புளித்த நாற்றத்தை, படுக்கையறை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது. அத்தனை சத்தத்துக்கும் நடுவில் மச்சில் மட்டும் சத்தமில்லை.

முன்னறைக்குப் போய்ப் பார்த்தாள். கூண்டுகளில் ஆறு ஹாம்ஸ்டர் எலிகளும் பஞ்சுருண்டை மாதிரிச் சுருண்டு உறங்கின. பகல் முழுக்க உறங்குகிற சாதி அது. அவை ஓடுகிற சக்கரமும் ஓடாமல் கிடந்தது.

திரும்பி வந்தாள். தனக்கே சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல், மேலே பார்த்து, மெதுவாக இன்னொரு தடவை சொன்னாள்.

"மக்கா."

மச்சுப் பலகையைக் கொறிக்கிற சத்தம் தொடங்கியது. ஒரு பல் இல்லை. பல பற்கள். மரத்தூள் மாவு மாதிரி இறங்கி, உறங்குகிற பிள்ளையின் நெற்றியில் விழுந்தது.

*

அந்தக் கூண்டுகள் அவள் புருஷன் சிஜினுடையவை. அவன் காத்தாடிக் கம்பெனியில் டெக்னீஷியன். பகலெல்லாம் கோபுரத்து உச்சியில் நிற்கிறவன். நாகர்கோவிலில் ஒரு கடையிலிருந்து முதலில் ஒரு ஜோடிதான் வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டுப் பெமிலாக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பெருச்சாளிக்குப் பவுடர் போட்ட மாதிரில்லா இருக்கு. இதுக்கா மக்கா துட்டக் கொடுத்த?" என்றாள்.

"பாத்துட்டே இருங்கக்கா. இத வச்சு ஒரு வேல காட்டுகேன்."

ஏணி ஏறப் படிப்பித்தான். வளையத்துக்குள் நுழையப் படிப்பித்தான். அதெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், ரெஜிலா பிள்ளையின் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்து ஜெபம் பண்ணி முடித்ததும், அவன் கண் விரிந்தது.

"ஏட்டி, இதையே படிப்பிச்சா என்ன? விளிச்சா ஓடி வரணும். தீனி முன்னால இருக்கணும். ரெண்டு காலுல நின்னு கையக் கூப்பணும். நான் ஆமென் சொன்ன பொறவுதான் வாய வைக்கணும்."

"ஆமென்னு சொல்லி எலிக்குத் தீனி போடுவியளா? நல்லா இருக்கே!"

"பின்ன என்ன சொல்ல?"

"வேற என்னமும் சொல்லுங்க. அது மட்டும் வேண்டாம்."

"சரி. மக்கான்னு சொல்லுகேன். மொத விளிக்கு வந்து ஜெபம் பண்ணணும். ரெண்டாம் விளிக்குத் திங்கணும்."

"ஊரே ஒருத்தர ஒருத்தர் மக்கான்னுல்லா விளிக்கு?"

"ஊருக்காரனா வந்து எனக்க எலிக்குத் தீனி போடுகான்?"

அவள் சிரித்தாள். பிள்ளை ஜெபிஷும் தாய் சிரிக்கிறதைப் பார்த்து, "ம்ம்… ம்ம்" என்று உதட்டைச் சேர்த்தான்.

"பாத்தியளா, அம்மான்னு வருகு."

"அப்பான்னுதான் மொத வார்த்த வரும். நீ இருந்து பாரு."

அவை படித்ததும் அவன் எடுத்த வீடியோ சபை வாட்சாப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. ஒரு டப்பா மூடியில் கருவாடு. அதைச் சுற்றி ஹாம்ஸ்டர்கள். குட்டிக் கைகளைக் கூப்பி, கண்ணை இமைக்காமல், எவ்வளவு நேரமானாலும் நிற்கும். ஊர் மனுசரைவிட எலிக்குப் பக்தி இருக்கிறதே என்று ஆட்கள் எழுதினார்கள்.

வீடியோவில் வராதது ரெஜிலாவுக்குத் தெரியும்.

பசித்தால்தான் படிக்கும் என்பது சிஜின் கணக்கு. தீனியைக் கண்ணில் காட்டிக் காட்டி எடுத்துவிடுவான். ரெண்டாம் விளிக்கு முந்தி வாய் வைத்ததைச் சுண்டுவிரலால் மூக்கில் தெறிப்பான், ரத்தம் வரும். குட்டி போட்டிருந்த ஒன்றையும் அப்படிப் பட்டினி போட்டான். விடிந்து கூண்டைத் துடைக்கப் போனவள், தாய் ஒரு குட்டியை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். மிச்சக் குட்டிகள் அரையும் குறையுமாகச் சீவலில் கிடந்தன. கண் திறக்காத, முடி முளைக்காத ரோஸ் நிறம். ஒன்றின் கால் இன்னும் ஆடியது.

"தாயிக்குப் பசி. திங்குகு. இதுல என்ன இருக்கு?" என்றான் அவன். "மிச்சத்த வாரிப் போடு."

படிக்காததைப் பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போவான். கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு நாள் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். துணி துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தான். நனைந்த லுங்கிச் சாரத்தை அடிக்கிற மாதிரி, அதே சத்தம், அதே கை வீச்சு. கீச்சென்ற சத்தம் நிற்கும் வரைக்கும் அடித்தான். பிறகு உறையை உதறி, கல்லுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் இருந்த பொந்துக்குள் தட்டிவிட்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினான்.

அந்தப் பொந்திலிருந்து ஒரு நாளும் அழுகின நாற்றம் வரவில்லை. அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

*

மரத்தூள் விழுந்த அந்த வாரமே பெமிலாக்காவின் பூனைக்குட்டி போனது.

அதற்குப் பேர் ஒன்றும் வைக்கவில்லை. எல்லாரையும் மாதிரி அதுவும் மக்காதான். சாயங்காலம் மீன் தலையைத் தட்டில் வைத்து, மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அக்கா கூப்பிட்டது அடுக்களையில் நின்ற ரெஜிலாவுக்குக் கேட்டது.

"மக்கா, இஞ்ச வா."

அடுப்புக்குப் பின்னால், சுவருக்குள்ளே, மணலைச் சரித்துவிட்ட மாதிரி ஒரு ஓட்டம். வெளியே போகிற ஓட்டம். பிறகு ஒன்றுமில்லை. காத்தாடியின் ஹூம். பூனைக்குட்டி ஒரு தடவை கத்தியது, கேள்வி கேட்கிற மாதிரி.

"வா மக்கா, வந்து தின்னு."

புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம். அவ்வளவுதான். பிறகு பெமிலாக்கா அலறினாள்.

ரெஜிலா ஓடிப்போய்ப் பார்த்தபோது பூனைக்குட்டியின் தோல் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத, வெளியே முடி கெடாத தோல். பையை மறுபுறம் திருப்பிக் காலி செய்து வைத்த மாதிரி. வாலில் இன்னும் துடிப்பு இருந்தது. சுற்றி ஈர மண்ணில் பொடிப்பொடிக் கால் தடங்கள், வட்டமாக. ஒவ்வொன்றும் ரெண்டே காலின் தடம்.

"நான் உள்ள போயி தண்ணி எடுத்துட்டு திரும்பினேன்ட்டி. அந்த நேரந்தான். கீரியாத்தான் இருக்கும். சவத்துக் கீரி!"

"கீரி மீன விட்டுட்டா போவும்க்கா?"

தட்டில் மீன் தலை அப்படியே இருந்தது. பெமிலாக்கா அதைப் பார்த்தாள். பிறகு ரெஜிலாவைப் பார்த்தாள். "ஏட்டி, நீ என்ன இப்பிடி வெளுத்துப் போயி நிக்க?"

அன்றைக்கு சிஜின் வந்து சட்டையைக் கழற்றும் முன்பே அவள் சொன்னாள்.

"இனி இந்த வீட்டுல அந்த வார்த்த வேண்டாம்."

"எந்த வார்த்த?"

அவள் மச்சைப் பார்த்தாள். தன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள்.

"எது, மக்—"

அவன் வாயைப் பொத்திவிட்டாள். அவன் கையைத் தட்டிவிட்டு முழு விஷயத்தையும் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நான் அடிச்சதுட்டி. எனக்க கையால அடிச்சது. செத்தத விளிச்சா வருமா?"

"செத்தத நீங்க பாத்தியளா? அந்தப் பொந்துக்குள்ள கைய விட்டுப் பாத்தியளா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திரும்பவும் போட்டான். அப்புறம்தான் கழற்றுகிற சட்டை என்று ஞாபகம் வந்து கழற்றினான்.

"படிக்காததத்தான் நான் அடிச்சேன்."

"படிக்காததுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்க அவசரத்துக்குப் படிக்கல்ல. அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வந்து மச்சப் பிரிச்சுப் பாக்கேன். போதுமா?"

"அது வர எனக்க பிள்ளைய இந்த மச்சுக்குக் கீழ போட மாட்டேன். நான் கொட்டாரத்துக்கு அம்ம வீட்டுக்குப் போறேன்."

"நாளைக்கு டூட்டி முடிஞ்சு வந்து நானே கொண்டு விடுகேன். அது வரைக்கும் எம்மக்—" அவனே நிறுத்திக்கொண்டு, பிள்ளையின் வயிற்றில் மூக்கை உரசினான். "எம்பயல பாத்துக்க."

*

மறுநாள் முழுக்க அவள் அந்த ஒரு வார்த்தைக்குக் காவல் நின்றாள். முப்பது வருசமாக நாக்கின் நுனியிலேயே இருந்த வார்த்தை. பிள்ளை சிரித்தால் வருகிறது, அழுதால் வருகிறது, தவழ்ந்து வாசல் படிக்குப் போனால் நெஞ்சிலிருந்து குதித்து வருகிறது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். அம்மா போனில், "பிள்ள எங்க, காட்டு, ஏ மக்—" என்றதும் போனை அணைத்தாள். பெமிலாக்கா வாசலுக்கு வந்து, "ஏட்டி ரெஜிலா, ம—" என்றதும் ரெண்டு கையையும் நீட்டி மறித்தாள்.

"என்னட்டி இது, பஸ்ஸ மறிச்ச மாதிரி?"

"அக்கா, சத்தம் காட்டாதிய. பிள்ள ஒறங்குகான்."

"பிள்ள உனக்க இடுப்புல இருந்து என்னப் பாத்துச் சிரிக்கான்."

அக்கா முணங்கிக்கொண்டே போனாள். ரெஜிலா பெட்டியில் பிள்ளையின் துணியை அடுக்கினாள். சுவர் சும்மா இருந்தது. ஆனால் சும்மா இருக்கிற சுவர் மாதிரி இல்லை. காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிற சுவர்.

வெயில் மங்குகிற நேரத்தில் பிள்ளை அவள் தோளிலேயே கண் சொருகினான். தரையில் போட மனமில்லை. மச்சுக்குக் கீழே என்று தெரிந்தும் தொட்டிலில் போட்டாள். ரெண்டே நிமிசம். கொடியில் கிடக்கிற நாலு துணியை எடுத்துவிட்டால் கிளம்பிவிடலாம். படுக்கையறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்து, ஒரு நாற்காலியையும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

கொடிக்கு அருகில் நிற்கும்போது காற்று அடித்தது. மலையையே தள்ளுகிற மாதிரி. துணி கையிலிருந்து பறந்தது. வீட்டுக்குள் நாற்காலி சரிகிற சத்தம். கதவு அறைகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம், இரும்பு இரும்பில் விழுகிற சத்தம்.

உள்பக்கக் கொண்டி.

ஓடினாள். தள்ளினாள். தேக்குக் கதவு, அந்தக் காலத்துக் கொண்டி. அசையவில்லை. வீட்டைச் சுற்றி ஓடிச் சன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அப்பால் தொட்டில் தெரிந்தது. லேசாக ஆடியது. உள்ளே பிள்ளை உறங்குகிறான். வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பெமிலாக்காவை விளிக்கலாம். விளித்தால் அக்கா பதில் சொல்வாள். 'என்ன மக்கா?' என்றுதான் சொல்வாள்.

விளிக்கவில்லை.

பைக் சத்தம் கேட்டது. சிஜின். அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. தினமும் வண்டியை நிறுத்தினதும் அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். காத்தாடி இரைச்சலுக்கு நடுவில் நின்று பேசிப் பழகின குரல் அது.

வாசலுக்கு ஓடினாள். கையை வீசினாள். "வேண்டாம்" என்று கத்தினாள். காற்று அதைப் பின்னால் கொண்டுபோனது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவள் வழி பார்த்து ஓடி வருகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். வீட்டைப் பார்த்து, வாயை முழுக்கத் திறந்து,

"மக்காஆ!"

என்றான்.

சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

*

சன்னலுக்கு வந்தார்கள்.

மச்சில் நேற்று ஒரு மாத்திரை அளவு இருந்த ஓட்டை. இப்போது கை நுழையும். அதிலிருந்து ஒன்று இறங்கியது. தொட்டில் சேலை வழியாக, தலைகீழாக. அலமாரிக்கு அடியிலிருந்து ஒன்று. கட்டிலுக்குள்ளிருந்து, மெத்தையைக் கிழித்துக்கொண்டு, பல.

கண் ஒன்று வெளியே தொங்குகிறது. தாடை கோணிப்போனது. பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கல் எங்கே பட்டது என்று ஒவ்வொன்றின் உடம்பும் சொல்லியது. அவற்றுக்குப் பின்னால், அடி ஒன்றும் படாத, பளபளப்பான சின்னவை. சுவருக்குள்ளேயே பிறந்தவை. பெரியவை எப்படிச் செய்கின்றன என்று பார்த்துப் பார்த்து வருகின்றன.

தரை மறைந்தது. கட்டில் மறைந்தது. தொட்டிலின் விளிம்பு முழுக்க, தொட்டில் கம்பு முழுக்க.

எல்லாம் எழுந்து நின்றன. ரெண்டு காலில்.

கையைக் கூப்பின.

"கத்தாத," என்றான் சிஜின். குரலே இல்லை, மூச்சுதான். "என்னமும் சொல்லாத."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டாம் விளி வர."

"விளிக்காட்டி?"

"நிக்கும். நான்தானே படிப்பிச்சேன்."

அந்தப் பேச்சில், அந்த நேரத்திலும், கொஞ்சம் பெருமை இருந்தது. அவளுக்கு அது கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். முகத்தை அவள் பக்கம் திருப்பவில்லை.

"கடப்பாரை எடுத்துட்டு வாறேன். கதவப் பேக்கேன். நீ இங்கனயே நில்லு. அவன் முழிச்சா அழாம பாத்துக்க."

போனான். அவள் சன்னல் திண்டில் காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ளி உள்ளே எறிந்தாள். அவற்றின் மேலேயே விழுந்தது. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கு மட்டும் நடுங்கியது. எல்லா மூக்கும் தொட்டிலைப் பார்த்து.

படுக்கையறைக் கதவில் முதல் அடி.

தொட்டில் அசைந்தது. சேலை விலகியது. ஜெபிஷ் எழுந்து உட்கார்ந்தான். கலைந்த முடி. கன்னத்தில் சேலை மடிப்பின் கோடு. சன்னலில் அம்மா. அம்மாவைப் பார்த்தான்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள். சிரித்தாள். அழக்கூடாது. அவன் அழக்கூடாது. சிரித்துக்கொண்டே நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாடையில் இறங்கியது.

ரெண்டாவது அடி. கொண்டி நெளிகிற சத்தம்.

பிள்ளை அழவில்லை. சுற்றிப் பார்த்தான். பொம்மை மாதிரி எத்தனை பேர். எல்லாரும் கையைக் கூப்பிக்கொண்டு. அவனுக்கு அது தெரியும். சாப்பாட்டுக்கு முந்தி அம்மா பிடித்துச் சேர்த்துவைப்பது. யாரும் பிடிக்காமல், தானாகவே, குண்டுக் கைகள் ரெண்டையும் அவன் சேர்த்தான். சரியாகச் செய்தேனா என்று அம்மாவைப் பார்த்தான்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று. வேண்டாம் என்று.

அவன் உதடு சேர்ந்தது.

"ம்ம்…"

அம்மா என்று சொல். அப்பா என்று சொல். என்னமும் சொல்.

மூன்றாவது அடி. மரம் பிளந்தது. சிஜினின் தோள் உள்ளே வந்தது.

பிள்ளை பல் முளைக்காத வாயைத் திறந்து சிரித்தான். அவனுடைய முதல் வார்த்தை. தெளிவாக, அப்பா சொல்கிற அதே ராகத்தில்.

"மக்கா."

கூப்பியிருந்த கைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின.